ஓடவும் எறியவும் ஒன்றுசேரவும்: தொடக்கப்பள்ளி உடற்கல்விக்குப் புதுக்கோட்டை தரும் பாடம்

தவழ்தல், நிற்றல், நடத்தல் ஆகியவை உடல் வளர்ச்சியோடு ஏறத்தாழத் தாமாகவே வந்துசேர்பவை. ஆனால், ஓடிவந்து ஒற்றைக் காலில் தாவுவதும், பறந்து வரும் பந்தை மார்பில் அணைக்காமல் கைகளால் மட்டும் பற்றுவதும், ஓடிக்கொண்டிருக்கும் தோழரின் வேகத்தைக் கணித்து அவருக்குச் சற்று முன்னே பந்தை எறிவதும் அவ்வாறு வருவதில்லை. செய்து பார்க்க இடமும், பலமுறை முயல நேரமும், செய்துகாட்டித் திருத்த ஒருவரும் அமையும்போதுதான் அவை முழுமை அடைகின்றன. குழந்தைகளை மைதானத்தில் விட்டுவிட்டால் போதும், எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொள்வார்கள் என்னும் பரவலான நம்பிக்கை இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. அதன் விளைவாக, ஏற்கெனவே நன்றாக ஓடுகிற குழந்தை மேலும் நன்றாக ஓட, தயங்கி நிற்கிற குழந்தை விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

உடலியக்கத் திறன்கள் என்பவை யாவை?

உடற்கல்வி அறிஞர்கள் அடிப்படை உடலியக்கத் திறன்களை மூவகையாகப் பிரிப்பர். ஓடுதல், குதித்தல், நொண்டியடித்தல், பக்கவாட்டில் நகர்தல் போன்று உடலை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்பவை இடம்பெயர் திறன்கள். ஒற்றைக் காலில் நிற்றல், வளைதல், திரும்புதல், விழாமல் நிதானித்தல் ஆகியவை சமநிலைத் திறன்கள். எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல் போல ஒரு பொருளை ஆள்பவை கையாளும் திறன்கள். பின்னாளில் கற்கும் கபடி, வளையப்பந்து, கால்பந்து, நடனம் ஆகிய அனைத்தும் இவற்றின் சேர்க்கைகளே.

ஒவ்வொரு திறனும் படிநிலைகளில் வளர்வது. பந்து பிடிக்கத் தொடங்கும் குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களை மூடிக்கொள்ளும். அடுத்த நிலையில் இரு கைகளாலும் வாரி மார்போடு அணைக்கும். அதற்கும் பிறகே உள்ளங்கையும் விரல்களும் பந்துக்காகக் காத்திருக்கக் கற்கும். எறிதலில், வலக்கையால் எறிகிற குழந்தை வலக்காலையே முன்வைப்பது தொடக்க நிலை; இடக்காலை முன்வைத்து, இடுப்பையும் தோளையும் சுழற்றி எறிவது முதிர்ந்த நிலை. இந்தப் படிகளை அறிந்த ஆசிரியர் “நன்றாக எறி” என்று பொதுவாகச் சொல்லாமல் “எதிர்க்காலை முன்னே வை” என்று சொல்வார். அந்த ஒரு சொற்றொடர் குழந்தைக்குப் பல நாள் தன்னந்தனிப் பயிற்சியைவிட மிகுதியாக உதவக்கூடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குக் கடினமான ரப்பர் பந்தைத் தருவது அச்சத்தையே வளர்க்கும் என்பதால், துணிப்பந்திலோ பனையோலைப் பந்திலோ தொடங்குவது நல்லது.

இதில் உடல்நலம் எங்கே வருகிறது?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரம் முழுவதையும் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமெடுக்கும் அளவுக்கு உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் செயல்கள் அதில் இடம்பெற வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கால் எலும்பு தாங்கும் அதிர்வு அந்த எலும்பை அடர்த்தியாக்குகிறது. வளரும் வயதில் சேரும் இந்த அடர்த்தி முதுமைவரை பயன்படும் சேமிப்பு.

ஆனால், 60 நிமிடம் என்ற அளவை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. எறியவும் பிடிக்கவும் தெரியாத குழந்தை விளையாட்டில் அவமானப்படுகிறது, அவமானப்பட்டதால் ஒதுங்குகிறது, ஒதுங்கியதால் பயிற்சி குறைந்து, திறனில் மேலும் பின்தங்குகிறது. திறனும் உடலுழைப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் அல்லது ஒன்றையொன்று தேய்க்கும் என்ற இக்கருத்தை 2008-இல் டேவிட் ஸ்டாடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். எட்டு வயதில் தொடங்கும் அந்த ஒதுக்கம் பதினைந்து வயதில் வழக்கமாகிவிடுகிறது. பூப்பெய்திய பிறகு பெண் குழந்தைகள் மைதானத்திலிருந்து விலக்கப்படும் சூழலில், அவர்களுக்குத் தொடக்கப்பள்ளிப் பருவமே உடலின் மீதான நம்பிக்கையை ஈட்டிக்கொள்வதற்கு எளிதில் கிடைக்கும் காலம் என்பதால், இந்த இழப்பு அவர்களையே மிகுதியாகத் தாக்குகிறது.

மாவட்டமே சைக்கிள் கற்ற காலம்

உடலியக்கத் திறன் ஒன்றைப் பேரளவில் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஏற்கெனவே விடையளித்திருக்கிறது. 1991-இல் இங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் தன் பணியாக ஏற்றது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், வயல் தொழிலாளர்களும் கல்குவாரியில் உழைத்தவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் உள்ளிட்ட கிராமப்புறப் பெண்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் தம் நூலில் இதைப் பதிவு செய்ததால் மாவட்டத்துக்கு வெளியிலும் இச்செய்தி பரவியது. பெண்களின் நடமாட்ட உரிமைக்கான வரலாறாகவே இது பெரிதும் பேசப்படுகிறது; அது முற்றிலும் தகுதியான பேச்சே. எனினும், ஒரு திறன் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்ற கோணத்தில் உடற்கல்வியாளர்கள் இதை மீண்டும் வாசிப்பது பெரும் பயன் தரும்.

சைக்கிள் ஓட்டுவது சமநிலைத் திறன்களில் கடினமான ஒன்று. வண்டி ஒருபக்கம் சாயும்போது அதே பக்கமாகக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்பதை எந்தச் சொல் விளக்கத்தாலும் உடலுக்குப் புரியவைக்க இயலாது. விழுந்து எழுந்தே உடல் அதைக் கண்டுகொள்கிறது. அதனால், கற்பிப்பவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி, இருக்கையின் பின்புறத்தைப் பிடித்தபடி கூடவே ஓடி, பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கற்பவர் அறியாத ஒரு கணத்தில் கையை எடுத்துவிடுவதே. புதுக்கோட்டையில் இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற பயிற்சியாளர்கள் அல்லர். சற்று முன்பு சைக்கிள் கற்ற பெண்களே அடுத்தவர்க்குக் கற்பித்தனர். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாதபோது ஆண்களின் சைக்கிள்களிலேயே பயின்றனர். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு. இருக்கையை எட்டாத சிறுவர்கள் கம்பிக்கு அடியில் கால்விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற ஊர்களில், கருவி பொருத்தமாக இல்லை என்பது கற்றலை நிறுத்தும் காரணமாக ஒருபோதும் இருந்ததில்லை.

இங்கு மூன்று செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கற்பவர் விழுவதற்கு அனுமதி இருந்தது. விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்களைவிட அதே முயற்சியில் இருந்தவர்கள் அருகில் மிகுதியாக இருந்தனர். ஒருவர் கற்றது இன்னொருவரின் கற்றலுக்குத் தேவையாயிற்று. தொடக்கப்பள்ளியின் உடற்கல்வி வகுப்பில் பெரும்பாலும் காணக் கிடைக்காதவை இவைதாம்.

ஒத்துழைப்பும் கற்பிக்கப்பட வேண்டியதே

“சேர்ந்து விளையாடுங்கள்” என்று அறிவுரை கூறுவதால் குழந்தைகள் ஒத்துழைப்பதில்லை; ஒத்துழைத்தால்தான் வெல்ல முடியும் என்னும்படி விளையாட்டு அமைந்திருந்தால் ஒத்துழைக்கிறார்கள். ஒருவரின் இலக்கு மற்றவரின் இலக்கோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதே மனிதர்கள் போட்டியிடுவதையும் ஒத்துழைப்பதையும் தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் மார்டன் டாய்ச் 1949-இல் விளக்கினார். ஒருவர் வென்றால் மற்றவரும் வெல்லும் இப்பிணைப்பை ஆக்கமுறைச் சார்பு என்று கல்வியாளர்கள் குறிப்பர்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பள்ளிகளில் மிகவும் விரும்பப்படும் இசை நாற்காலி முதலிய விலக்கு விளையாட்டுகளின் குறை வெளிப்படும். அவற்றில் முதலில் வெளியேறுவது மெதுவான குழந்தை. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவரே அதிக நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். இவ்விளையாட்டுகளை விழா நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கற்பிக்கும் வேளைக்கு அவை ஏற்றவை அல்ல.

மாறாக, தமிழ்நாட்டின் ஊர் விளையாட்டுகளில் ஒத்துழைப்பு விதியாகவே பொதிந்திருக்கிறது. கிளித்தட்டில் கோடுகளின் மேல் நின்று காப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நகராவிட்டால் தடுப்பு உடைந்துவிடும். எதிரணியில் ஒருவர் காப்பவரின் கவனத்தைத் தம்மீது ஈர்க்க, மற்றொருவர் கடந்து செல்வார். தம்மால் கடக்க முடியாவிட்டாலும் பிறர் கடக்க உதவியதற்காகப் பாராட்டப்படும் அரிய வாய்ப்பு அங்கே ஒரு குழந்தைக்குக் கிடைக்கிறது. கபடியில் கைகோத்து நிற்கும் இருவர் ஒரே கணத்தில் பாயாவிட்டால் பிடி நழுவும். பிடிபட்டவரை வெளியேற்றாமல் பிடித்தவரோடு கைகோக்கவைக்கும் சங்கிலிப் பிடி விளையாட்டில் சங்கிலி அறுந்தால் பிடித்தது செல்லாது என்பதால், வேகமானவர் தம் வேகத்தை மெதுவானவருக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளக் கற்கிறார். இக்கட்டுப்பாடு வகுப்பறைப் பாடம் எதிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

மரபு விளையாட்டு என்பதாலேயே எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்றும் கொள்ளலாகாது. குலை குலையா முந்திரிக்காயில் 30 பேர் வட்டமாக அமர்ந்திருக்க இருவர் மட்டுமே ஓடுவர். அதையே ஆறாறு பேராக ஐந்து வட்டங்களாக்கினால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஓடுவர். விளையாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் மரநிழலில் அமரவைத்து, எது உதவியது, எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று குழந்தைகளையே பேசவைப்பதும் பாடத்தின் பகுதியே. சொல்லிப் பார்க்காத அனுபவம் எளிதில் மறந்துபோகும்.

சாதியும் பாலினமும் இதில் விலக்க முடியாத செய்திகள். கைகோக்கும் விளையாட்டில் யார் யாருடைய கையைப் பிடிக்கத் தயங்குகிறார் என்பதை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. அணித் தலைவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஒவ்வொரு முறையும் ஒரே குழந்தை கடைசியில் நிற்பதையும் அனுமதிக்கக் கூடாது. பிறந்த மாதத்தைக் கொண்டோ, இலைகளைப் பொறுக்கிவரச் செய்து ஒரே வகை இலை கொண்டுவந்தவர்களைச் சேர்த்தோ அணி பிரிப்பது எளிது.

யார் கற்பிப்பது?

சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே பழமையானவற்றுள் ஒன்று. நூறாண்டுக்கும் மேலான மரபு இருந்தும், உடற்கல்வி பயின்ற ஆசிரியரைப் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியிலேயே குழந்தைகள் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால், உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில், அதுவும் 100 குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கே குறிப்பிடுகிறது. உடலியக்கத் திறன்கள் உருவாகும் 5 முதல் 10 வயதுக்குள் அப்பயிற்றுநர் இல்லாமல் போவது ஏற்கத்தக்கதன்று.

அதே சட்டப்படி 60 குழந்தைகள்வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அன்னவாசல், குன்றாண்டார்கோவில், ஆவுடையார்கோவில் போன்ற ஒன்றியங்களின் சிற்றூர்ப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக் குழந்தைகளும் ஒரே மைதானத்தில் நிற்பதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நொண்டியடிக்கத் தெரிந்த நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது, சைக்கிளின் இருக்கையைப் பிடித்து ஓடிய பெண்கள் செய்த அதே வேலை. 40 நிமிட வகுப்பில் 40 குழந்தைகள் ஒரே பந்துக்காக ஒரே வரிசையில் நின்றால் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். இருவருக்கு ஒரு துணிப்பந்து என்று 20 பந்துகள் இருந்தால் பாதி நேரமாவது பந்து ஒவ்வொருவரின் கையிலும் இருக்கும். பழந்துணியும் நூலும் சுண்ணாம்புக் கோடும் இருந்தால் இதற்குப் போதும். வட்டார வள மையங்களிலும் குறுவள மையங்களிலும் நடக்கும் ஆசிரியர் கூட்டங்களில் சில மணி நேரம் ஆசிரியர்களே மைதானத்தில் இறங்கி எறிந்தும் பிடித்தும் கிளித்தட்டு ஆடியும் பார்த்தால், அச்சிட்ட கையேடு தராத தெளிவு கிடைக்கும்.

மழை குறைந்து வெயில் நீளும் இம்மாவட்டத்தில் நேரத்தேர்வும் உடல்நலம் சார்ந்தது. காலை 10 மணிக்கு முன்போ மாலை வகுப்பு முடியும் வேளையிலோ விளையாடவைப்பதும், இடையிடையே தண்ணீர் குடிக்கவைப்பதும், செம்மண் தரையின் கூர்ங்கற்களைக் குழந்தைகளோடு சேர்ந்து முன்கூட்டியே அகற்றுவதும் தவிர்க்கக் கூடாதவை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்த பின், வெறும் வயிற்றோடு ஓடவேண்டிய நிலை குறைந்திருக்கிறது. உண்டவுடன் வேகமாக ஓடவிடாமல் சிறிது நேரம் பொறுப்பது மட்டும் போதும்.

தடுமாறும் குழந்தையைக் கண்டறிதல்

பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடு இருப்பதாக மருத்துவ வகைப்பாட்டு நூல்கள் கூறுகின்றன. அறிவுத்திறனிலோ கண்பார்வையிலோ குறையில்லாதபோதும் மூளையும் தசைகளும் இசைந்து இயங்குவதில் உள்ள இடர்ப்பாடு இது. அடிக்கடி இடறி விழுதல், சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் திணறுதல், எழுத்து சிதறுதல், சம வயதினர் எளிதில் பிடிக்கும் பந்தைப் பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் தவறவிடுதல் ஆகியவை அறிகுறிகள். இக்குழந்தைகள் சோம்பேறிகள் என்றும் கவனமற்றவர்கள் என்றும் ஏசப்படுவதே பெருங்கொடுமை. கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயதினருக்கு உள்ள ஒற்றைக்கால் சமநிலைச் சோதனையும், இரு தட்டுகளைக் கையால் மாறிமாறித் தட்டும் சோதனையும் இத்தகைய குழந்தையை ஆசிரியர் கூர்ந்து நோக்க உதவும்; எனினும், அச்சோதனைகளில் கிடைக்கும் எண்ணைக் கொண்டு குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாக ஆசிரியரே முடிவு செய்யலாகாது.

2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அன்று எடையும் உயரமும் அளந்து முடிக்கும்வரை காத்திராமல், எந்தக் குழந்தை எந்த அசைவில் எவ்வளவு காலமாகத் தடுமாறுகிறது என்று எழுதி வைத்த குறிப்பை ஆசிரியர் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படும் குழந்தைக்கு இயன்முறைச் சிகிச்சையும் செயல்முறைப் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். சிகிச்சை நடக்கும் மாதங்களில் அக்குழந்தையை விளையாட்டு வேளையில் வகுப்பறையில் உட்காரவைக்காமல், பெரிய பந்து, குறைந்த தூரம், பொறுமையான ஒரு தோழர் ஆகிய மூன்றோடு மைதானத்தில் வைத்திருப்பது பள்ளியின் பொறுப்பு.