பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர் இரண்டு படிவங்களுடன் வீட்டிற்கு வந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நான்காண்டு தைத்தவர். முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்தார். வலி குறைந்ததும் வேறு கம்பெனிக்குப் போகும் எண்ணம். "பி.எஃப். பணம் வருமாம் சார், எங்கே கையெழுத்துப் போடணும்?" என்பதுதான் அவர் கேள்வி. ஏஜெண்டு ஒருவர் 19-ஆம் எண் படிவத்தையும் 10-சி படிவத்தையும் நிரப்பியே கொடுத்திருந்தார்.

இந்த இரண்டு படிவங்களும் ஒன்றல்ல என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 19 என்பது வருங்கால வைப்பு நிதிக்கு. 10-சி என்பது ஓய்வூதியக் கணக்குக்கு. தொழிலாளியின் ஊதியத்தில் பிடிக்கப்படும் 12 சதவீதம் முழுவதும் வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளி கொடுக்கும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்கும் மீதி 3.67 சதவீதம் வைப்பு நிதிக்கும் போகின்றன. வைப்பு நிதிக்கு வட்டி உண்டு. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீதம். ஓய்வூதியக் கணக்குக்கு வட்டி கிடையாது. அங்கே வளர்வது பணமல்ல, பணிக்காலம்.

1995 நவம்பர் 16-இல் தொடங்கிய இந்த ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு எளியது. கடைசி 60 மாதங்களின் சராசரி ஊதியத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதியத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். குறைந்தது பத்தாண்டு பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். அதற்குக் குறைந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் என்று ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

ஒருவர் 2015-க்குப் பிறகு மூன்று ஆலைகளில் நான்கு, மூன்று, நான்கு என்று பதினோராண்டு வேலை செய்ததாக வைத்துக் கொள்வோம். சராசரி ஊதியம் 12,000. பணிக்காலம் தொடர்ந்திருந்தால் 58 வயதிலிருந்து மாதம் 1,885 ரூபாய். முதல் இரண்டு ஆலைகளின் ஓய்வூதியக் கணக்கை முடித்துக் கொண்டவருக்கோ நான்காண்டுதான் மிச்சம். அதற்கு மாத ஓய்வூதியம் இல்லை. 1,885 என்ன பெரிய தொகையா என்று கேட்கலாம். பெரிய தொகை அல்லதான்; விலைவாசியோடு அது ஏறுவதும் இல்லை. ஆனால் அது ஆயுள் வரை வருவது. பின்னர் வாழ்க்கைத் துணைக்குப் பாதி, குறைந்தது ஆயிரம் ரூபாயாவது வரும். இருபதாண்டு நிறைந்தால் மேலும் இரண்டாண்டு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆக அதே ஊதியத்தில் 25 ஆண்டு பணி என்றால் மாதம் 4,628.

பணத்தை எடுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016 பிப்ரவரியில் அரசு, முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று ஆணையிட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் நம் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பொம்மனஹள்ளி, ஓசூர் சாலை, பீண்யா எனத் தெருவில் இறங்கினார்கள். நகரம் நின்றது. வன்முறையும் நடந்தது. 19-ஆம் தேதியே அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. நாற்பது வயதைத் தாண்டினால் தையல் வரிசையில் நிற்க முடியுமா என்று தெரியாதவருக்கு 58 வயது வெகு தூரம். வேலை போன மாதத்தில் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் கட்டணத்துக்கும் அவருக்கு இருப்பது அந்த ஒரு பணம்தான்.

ஆனால் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. 10-சி படிவத்திலேயே, பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்க இடமுண்டு. அடுத்த வேலையில் அந்தச் சான்றிதழைக் கொடுத்தால் பழைய ஆண்டுகள் புதிய ஆண்டுகளோடு சேரும். உடனே வேறு வேலை கிடைத்தவர்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்துக் கணக்கை மாற்றிக் கொள்வது இன்னும் எளிது. 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, வேலை இழந்தவர் 75 சதவீதத்தை உடனேயும் மீதியைப் பன்னிரண்டு மாதம் கழித்தும் எடுக்கலாம், ஓய்வூதியத் தொகைக்கு 36 மாதம் பொறுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. எனவே ஏஜெண்டு சொல்வதை மட்டும் கேட்காமல், அன்றைய விதியை வைப்பு நிதி அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளவும்.

எடுத்த பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கதை. நம் பக்கத்தில் பெரும்பாலும் லீஸுக்குப் போகிறது. சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பது நல்ல ஏற்பாடுதான், வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இல்லாதவரை! வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடுத்து, அதிக வட்டி ஆசை. 2020 ஜனவரியில் பசவனகுடியின் ஸ்ரீ குரு ராகவேந்திர கூட்டுறவு வங்கியில் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஓய்வுபெற்ற பலர் வாழ்நாள் சேமிப்போடு அதில் சிக்கினார்கள். மறு மாதமே வைப்புக் காப்பீட்டு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. ஒரே வங்கியில் அதற்குமேல் போடுமுன் யோசிக்க வேண்டும்.

அறுபது வயதானவர்களுக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. செயின்ட் தாமஸ் டவுன் அஞ்சலகத்தில் விசாரிக்கலாம். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. அந்த விகிதத்தில் பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். கணக்கு தொடங்கும் நாளின் வட்டியே ஐந்தாண்டுக்கும் நிலைக்கும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, அது இனிஷியல். ஆலைப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் தந்தை பெயர் விரிந்து வேறொரு பெயர், வங்கியில் கணவர் பெயருடன் மூன்றாவது பெயர். விண்ணப்பம் திரும்பி வர இது ஒன்றே போதும். வேலையில் இருக்கும்போதே, கம்பெனி அலுவலகம் இயங்கும்போதே, இதைத் திருத்திக் கொள்ள வேண்டும். கம்பெனி மூடிவிட்டால் கையெழுத்துக்கு எங்கே போவது?

அந்த அம்மையார் அன்று 19-இல் கையெழுத்துப் போட்டார். 10-சி-யில் மட்டும் பணம் என்பதை அடித்துவிட்டுச் சான்றிதழ் கேட்டார். ஏஜெண்டுக்குச் சற்று வருத்தம். சான்றிதழ் வந்து, இப்போது ரேஷன் கார்டுடன் ஒரே உறையில் இருக்கிறது.