இதை வரைந்தது யார்?



சென்ற ஆண்டு நமது பங்குத் திருவிழா அழைப்பிதழுக்குப் பாதுகாவலரின் படம் ஒன்று தேவைப்பட்டது. இளைஞர் ஒருவர் கைப்பேசியில் நான்கு வரி எழுதினார். ஒரு நிமிடத்திற்குள் அழகான படம் வந்தது. செலவில்லாமல் முடிந்ததே என்று நாமும் மகிழ்ந்தோம். பல ஆண்டுகளாக நமது திருவிழாக் கொடியையும் மேடைத் திரையையும் வரைந்து தந்த ஓவியர் அந்த அழைப்பிதழை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாமி, இதை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்" என்றோம். அது பாதி பதில்தான் என்பது பிறகே புரிந்தது.

செயற்கை நுண்ணறிவு படம் வரைய எப்படிக் கற்றுக்கொள்கிறது? இணையத்திலுள்ள படங்களும் அவற்றின் விளக்க வரிகளும் திரட்டப்படுகின்றன. ஒவ்வொரு படத்தின்மீதும் புள்ளிகளைத் தூவிச் சிதைத்து, அச்சிதைவை நீக்க இயந்திரத்திற்குப் பயிற்சி தருகிறார்கள். எண்ணற்ற முறை இப்படிப் பழகியபின், நாம் எழுதும் சொற்களுக்கேற்ப, வெறும் புள்ளிக் குவியலிலிருந்து அது புதிய படத்தை உருவாக்குகிறது. 2022 மார்ச்சில் வெளியான லயான்-5பி என்னும் தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடி படங்களின் இணைய முகவரிகள் விளக்கங்களோடு இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், இத்தொகுப்பின் பகுதிகளைக் கொண்டே பயிற்சி பெற்றது.

அவற்றில் இன்றும் வாழ்கின்ற ஓவியர்களின் உழைப்பும் இருந்தது. அவர்களிடம் அனுமதி கேட்கப்படவில்லை, அவர்களுக்கு ஊதியமும் தரப்படவில்லை. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரைக் குறிப்பிட்டு, அவரது பாணியில் பல்லாயிரம் முறை படங்கள் கேட்கப்பட்டன. 2023 சனவரியில் கார்லா ஓர்டிஸ் உள்ளிட்ட மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். கெட்டி இமேஜஸ் நிறுவனம் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கில், அந்த இயந்திரம் படங்களின் நகல்களைத் தன்னுள் சேமித்து வைக்கவில்லை என்று கூறி, எஞ்சியிருந்த பதிப்புரிமை முறையீட்டை இலண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் ஏற்க மறுத்தது.

சட்டத்தின் கேள்வி நகல் இருக்கிறதா என்பது. மனச்சான்றின் கேள்வி வேறு. உழைத்தவருக்கு உரியது போய்ச் சேர்ந்ததா?

"மாணவனும் ஆசானின் ஓவியங்களைப் பார்த்துத்தானே கற்கிறான்?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் மாணவன் தன் வாழ்நாளைக் கொடுத்துக் கற்கிறான், ஆசானின் பெயரை நன்றியோடு சொல்கிறான். இங்கோ பெரும் நிறுவனங்கள் பலரது உழைப்பை ஒருசேர அள்ளி, சந்தா வாங்கி விற்கின்றன. அதனால் வேலை இழப்பவர் அதே ஓவியர்.

ரூத்து நூலை நினைத்துப் பாருங்கள். ஏழைக் கைம்பெண்ணான ரூத்து, சிந்திய கதிர்களைப் பொறுக்கும் உரிமையை ஏழைகளுக்குத் திருச்சட்டமே தந்திருந்தும், அனுமதி கேட்ட பின்னரே வயலில் இறங்கினார். இன்று செல்வந்தர் ஏழையின் வயலில் கேட்காமலே அறுவடை செய்கின்றனர்.

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில், கூடாரத்தின் கலைப்பணிக்காக ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்து, அவரைத் தம் ஆவியால் நிரப்புகிறார். கலைஞரின் பெயர் கடவுளுக்கு முக்கியம். அவரது கூலியும் முக்கியம். கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுக்க வேண்டும் என்கிறது இணைச்சட்டம். கொடுக்கப்படாத கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் திருத்தூதர் யாக்கோபு. ஏழாம் கட்டளை பணப்பையைத் திருடுவதை மட்டும் தடுப்பதன்று, நியாயமான கூலியை மறுப்பதையும் தடுக்கிறது.

திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம், தாம் இப்பெயரைத் தேர்ந்ததன் காரணத்தைக் கர்தினால்களிடம் விளக்கினார். 1891இல் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் வழியாகத் தொழிலாளருக்காகப் பேசியவர் பதின்மூன்றாம் லியோ. செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும், நீதிக்கும், உழைப்புக்கும் முன்வைக்கும் புதிய சவால்களைத் திருச்சபை இன்று சந்திக்க வேண்டும் என்பதே புதிய திருத்தந்தை தந்த காரணம்.

அப்படியானால் இக்கருவியைத் தொடுவதே பாவமா? இல்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒரு காட்சியை விளக்கப் படம் உருவாக்கும் ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டோம். 2025 மார்ச்சில் உலகெங்கும் பலர் தம் குடும்பப் படங்களை ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பாணியில் மாற்றியபோது நம்மில் பலரும் ஆர்வத்தோடு சேர்ந்துகொண்டோம். அதில் தீய எண்ணம் இல்லை. எனினும் மூன்று நெறிகளை நாம் கடைப்பிடிக்கலாம். வாழும் ஓவியரின் பெயரைச் சொல்லி அவர் பாணியை இயந்திரத்திடம் கேட்காதிருப்போம். இயந்திரம் உருவாக்கியதை நாம் வரைந்ததாகக் காட்டாதிருப்போம். கூலி கொடுக்க நம்மால் இயலும்போது, அந்த வேலையை மனிதருக்கே கொடுப்போம்.

மூன்றாவது நெறியில் தவறியது நாமே. ஓவியருக்குக் கொடுக்கப் பங்கில் பணம் இருந்தது. இவ்வாண்டு அவரது வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். திருவிழா அழைப்பிதழின் படத்தை அவரே வரைகிறார். அதன் அடியில் அவரது பெயர் அச்சாகும். "இதை வரைந்தது யார்?" என்று எவரேனும் கேட்டால், இம்முறை நம்மால் பதில் சொல்ல முடியும்.