ஊறுகாய்ச் சாடியில் ஓர் அபூர்வக் கொடி

அபூர்வமான தாவரம் என்று சொன்னவுடனே நம்மவர்களுடைய மனம் இமயமலைச் சாரலுக்கும் சஞ்சீவி பர்வதத்துக்கும் பறந்து போய்விடுகிறது. அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய வேண்டியதே இல்லை. சமையலறைக்குச் சென்று ஊறுகாய் அலமாரியைத் திறந்து பாருங்கள். மோரும் மஞ்சளும் கடுகும் கலந்த சாற்றில் வெண்மையான துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும் சாடி ஒன்று அங்கே இருக்கிறதா? அதன் மூடியைத் திறந்ததும் வீட்டில் பாதிப் பேர் நாக்கைச் சப்புக்கொட்ட, மறுபாதிப் பேர் “மூட்டைப்பூச்சி நாற்றம்!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். அது மாகாளிக் கிழங்குதான். அழியும் அபாயத்திலுள்ள தாவரங்களின் உலகப் பட்டியலில் 2015-ஆம் ஆண்டில் இடம் பெற்ற ஒரு கொடியின் வேரைத்தான் நாம் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு வருகிறோம்.

சேலத்துச் சமவெளியில் நின்றுகொண்டு எந்தத் திசையை நோக்கினாலும் ஒரு மலை கண்ணில் படும். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை, தென்கிழக்கே சற்றுத் தொலைவில் கொல்லிமலை. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி ஜில்லாவானபோது கொல்லிமலை அதனோடு போயிற்று. ஆனால் கொடிகளுக்கு இந்தப் பாகப் பிரிவினை தெரியாது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறை இடுக்குகளிலும் வறண்ட சரிவுகளிலும் மாகாளி தன் இஷ்டம்போல் படர்ந்து வந்திருக்கிறது. தென்னாட்டு மலைகளை விட்டால் இந்தக் கொடிக்கு உலகத்தில் வேறு சொந்த ஊர் கிடையாது.

வைட், ஆர்னாட் என்னும் இரண்டு தாவர சாஸ்திரிகள் 1834-ஆம் ஆண்டில் இதற்கு ‘டெகாலெபிஸ் ஹாமில்டோனியை’ என்று பெயர் சூட்டினார்கள். ‘டெகாலெபிஸ்’ என்றால் கிரேக்க பாஷையில் பத்துச் செதில் என்று அர்த்தமாம். கிள்ளினால் பால் வடியும். சிறிய பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். காய் முற்றி வெடித்ததும் விதைகள் பட்டுப் போன்ற பஞ்சைக் கட்டிக்கொண்டு காற்றில் பறந்து செல்லும். பூமிக்கு அடியில் விரல் கனத்திலிருந்து மணிக்கட்டுக் கனம் வரையில் வேர்கள் திரண்டிருக்கும். மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த வாசனையைப் பற்றி ஒரு வேடிக்கை: அதை உண்டாக்கும் ரசாயனப் பொருள், ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்களே, அந்த வனிலா வாசனைப் பொருளின் ஒன்றுவிட்ட சகோதரன்! இரண்டிலும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை; அடுக்கியிருக்கும் விதந்தான் வேறு.

இவ்வளவு குணமுள்ள கொடிக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? வேரிலிருந்துதான் வந்தது. கீரையைக் கிள்ளினால் மறுபடியும் துளிர்க்கும். மாங்காயைப் பறித்தால் மரம் நிற்கும். மாகாளியிலோ நமக்கு வேண்டியது அதன் அடிவேரே. தோண்டுகிறவர் முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டால் கொடி அன்றோடு சரி. காய் வெடிப்பதற்கு முன்னரே தோண்டிவிட்டாலோ, அதன் சந்ததியும் சேர்ந்து போயிற்று. வேர் மறுபடியும் கனப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆனால் ஊறுகாய்ச் சாடியோ வருஷந்தோறும் காலியாகிறது.

ஊறுகாய் ஒன்றே இவ்வளவையும் செய்துவிட்டது என்று இல்லத்தரசிகள்மீது பழி போடவும் நாம் தயாராக இல்லை. கோடைக் காலத்தில் நாம் விரும்பிப் பருகும் நன்னாரி சர்பத்தின் உண்மையான வேர் மெல்லியது, கம்பி போலிருப்பது. அது வேறு செடி. ஆயினும் அதற்குப் பதிலாகப் பருத்த மாகாளி வேரே பல இடங்களில் சர்பத்துக்கும் மருந்துச் சரக்குக்கும் போய்ச் சேருகிறது. இப்படி மலையிலிருந்து இறங்கும் மூட்டைகள் சென்னை போன்ற தூரத்துப் பட்டணங்களுக்கும் பயணமாகின்றன.

சேலம் கடைவீதியில் நமக்கு வாடிக்கையாகக் கிழங்கு விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. போன தடவை அவர் கூடையில் இருந்தவை சுண்டு விரல் பருமனுக்கு மேல் இல்லை. “என்னம்மா, கிழங்கு இவ்வளவு இளைத்துவிட்டதே?” என்று கேட்டோம். “என்ன பண்றதுங்க வாத்தியாரய்யா? முந்தியெல்லாம் அடிவாரத்துலயே வெட்டுனோமுங்க. இப்ப ஒரு நாள் பூரா நடந்தாலும் கூடை நிறைய மாட்டேங்குது. பெருசு இல்லீன்னா சிறுசைத்தானுங்க தோண்டோணும், வயிறு கேக்குமுங்களா?” என்றார். தாவர சாஸ்திரிகள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை அந்த அம்மாள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பேரம் பேசி வாங்கும் கையும் நம்முடையதுதானே?

நம் மலைகளில் ஆபத்துக்குள்ளானது இந்த ஒரு கொடி மாத்திரமன்று. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய ‘வெர்னோனியா சேர்வராயன்சிஸ்’ என்ற சிறு மரம் ஒன்று உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பாலானவை செடிகளாக இருக்க, இது மரமாக வளரும் விந்தையுடையது; அந்த மலையையே தாயகமாகக் கொண்டது. ஏற்காட்டில் 1963-ஆம் ஆண்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தார் ஏற்படுத்திய தேசிய ஆர்க்கிட் பண்ணை, காட்டில் அருகி வரும் தாவரங்களுக்குப் புகலிடமாக விளங்குகிறது. ஏரியில் படகு விடப் போகிறவர்கள் தங்கள் குழந்தைகளுக்கு அந்தத் தோட்டத்தையும் காட்டி வரலாம்.

மாகாளிக்குத் தெற்கே நெருங்கிய உறவினர் இருவர் உளர். ஆனைமலையில் ஒன்று, அகத்திய மலையில் மற்றொன்று. அவற்றின் நிலைமை இதைவிட மோசம். அகத்திய மலைக் கொடிக்கு 1978-ஆம் ஆண்டில் ‘ஜானகியா’ என்று பெயரிட்டார்கள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் கல்வி கற்று, தாவர ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற ஜானகி அம்மாளின் பெயர் அது. பிற்பாடு அந்தக் கொடியும் மாகாளியின் இனமே என்று தெளிந்து, பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினாலும் கொடி இருக்கிறது. கொடியே போய்விட்டால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, ஊறுகாயைத் துறந்து சந்நியாசம் வாங்கிக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. காட்டில் எடுப்பதைக் குறைத்து, வீட்டிலும் வயலிலும் வளர்ப்பதே வழி. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதன் கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கும் வழியைக் கண்டிருக்கிறார்கள். விதையிலிருந்தும் முளைக்க வைக்கலாம். தோண்டும்போதும் ஒரு பக்கத்து வேர்களை மட்டும் எடுத்து, மற்றவற்றை மண்ணால் மூடிவிட்டால் கொடி பிழைக்க இடமுண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளூர்தோறும் குழு அமைத்து, அவ்வூர்த் தாவரங்களுக்கு ஒரு பதிவேடு எழுதலாம். சட்டம் ஏட்டில் இருக்கிறது. பதிவேட்டை எழுத வேண்டியவர்கள் நாம்.

நம் வீட்டுக் கொல்லையில் மூன்று கன்றுகள் நட்டோம். ஒன்றை ஆடு தின்றது. இன்னொன்று அதிகமாகத் தண்ணீர் விட்டதால் அழுகிப் போயிற்று. அதற்கு நாமே பொறுப்பாளி. மலைக் கொடியை வாழைக் கன்றாக நினைத்துவிட்டோம். மூன்றாவது இப்போது வேலியின் பாதி உயரத்துக்கு ஏறியிருக்கிறது. “கிழங்கு எப்போது எடுக்கலாம்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். “முதலில் காய்க்கட்டும், விதை பறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறோம். அதுவரையில் எலுமிச்சங்காய் ஊறுகாயை வைத்துச் சமாளித்து வருகிறோம்.