வருவாய் தராத விளையாட்டுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லொரேட்டோ என்னும் சிற்றூர் உள்ளது. பிரான்சிஸ்கன் துறவியர் 1847-இல் அங்கு நிறுவிய புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம், 2025 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றது. முதல் ஆட்டத்தில் தோற்றது. ஒரு வாரத்திற்குப்பின், கல்லூரி விளையாட்டின் முதற் பிரிவிலிருந்து விலகி மூன்றாம் பிரிவுக்குச் செல்வதாக அறிவித்தது!

காரணம் என்ன? 2021 முதல் மாணவ வீரர்கள் தம் புகழைக்கொண்டு பொருளீட்டலாம். அதிகம் தரும் கல்லூரிக்கு மாறுவதும் எளிதாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதற் பிரிவுக் கல்லூரியொன்று 2025-26-ஆம் ஆண்டில் தன் வீரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாக வழங்கலாம். சிறு கல்லூரிகள் இப்பந்தயத்தில் எங்ஙனம் ஓடும்?

பெருங் கல்லூரிகளிலும் அச்சம் உண்டு. பணம் ஈட்டுபவை பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்துமே. நீச்சல், மற்போர், ஓட்டம் போன்றவை செலவினமாகவே எண்ணப்படுகின்றன. செல்வம் மிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே 2020-இல் பதினொரு விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே 2021-இல் அம்முடிவைக் கைவிட்டது.

1973-இல் தோன்றிய மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது, படிப்பே முதன்மை. இதனால் ஆடுதிறனை நம்பிக் கல்வி தேடும் ஏழை மாணவனுக்கு ஒரு வாயில் அடைபடுகிறது. இவ்விழப்பை நாம் மறைத்தலாகாது. எனினும், பார்வையாளர் இன்றியும் அதிகாலையில் எழுந்து ஓடும் மாணவன் பெறும் ஒழுங்கும் தோழமையும் எக்கணக்கேட்டிலும் அடங்குவனவல்ல. பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளின் விளையாட்டை எதைக்கொண்டு அளக்கிறோம்? சிந்திப்போம்.