பத்து வாரக் கணக்கு

என் தம்பிக்கு ஒன்பது மாதமாகியும் அவன் தானாக உட்காரவில்லை. நயினாதீவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "பிள்ளை இன்னும் இருக்கேல்லையோ?" என்றே கேட்டார்கள். உம்மா பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

தம்பி 30ஆவது வாரத்தில் பிறந்தவன். இரவில் வலி கண்டு, உம்மாவைப் படகில் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து வாகனத்தில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு போனார்கள்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 32 வாரத்துக்கு முன் என்றால் மிகவும் குறைமாதம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. வழுவழுப்பான அதன் மேற்பரப்பில் மடிப்புகள் விழுகின்றன. உம்மாவின் வயிற்றுக்குள் நடக்க வேண்டிய இந்த வேலை, என் தம்பிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள், வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே நடந்தது.

ஒரு நாள் குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். நிறைமாதம் 40 வாரம். தம்பி பிறந்தது 30இல். வித்தியாசம் பத்து வாரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மாதம். ஒன்பதிலிருந்து அதைக் கழித்தால் அவனுடைய திருத்திய வயது ஆறரை மாதம். அந்த வயதில் உட்காராத பிள்ளைகள் எத்தனையோ பேர்! அன்றுதான் உம்மா அழுததை முதன்முதலாகக் கண்டேன்.

நிறையையும் வளர்ச்சியையும் இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த திகதிப்படியே.

ஆனால் கணக்குச் சரியென்று கிளினிக்கை விட்டுவிடவும் கூடாது. இப்படிப் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போகிறார்கள். என்றாலும் பார்வை, கேள்வி, கைகால் அசைவு, பின்னர் கவனம், கணிதம் ஆகியவற்றில் குறை ஏற்படும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல். கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால், தொலைபேசியில் வேறு திகதி கேட்டு வாங்குங்கள்.

வீட்டாரும் செய்யக்கூடியது உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோல்பட அணைத்து வைக்கத் தொடங்கினார்கள். கங்காரு முறை எனப்படும் இதை இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. தாய்ப்பாலும், முகம்பார்த்துப் பேசுவதும் மூளைக்கு உரமாகும்.

தம்பி அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். எழுத்து வருகிறது, எண்ணுவதில்தான் தடுமாறுகிறான். "குறைமாதம் என்று ரீச்சரிடம் சொல்ல வேண்டாம், பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்" என்றார் வாப்பா. சொல்லாவிட்டால் சோம்பேறி என்று அடிவாங்குவான் என்றேன் நான். வாப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் புதுப் புத்தகப் பைக்குப் பக்கத்தில் உம்மா அந்தக் கிளினிக் கொப்பியையும் எடுத்து வைத்திருக்கிறார்.