அரிசி டப்பாவைத் திறப்பதற்கு முன்

போன் தண்ணீரில் விழுந்தால், எடுத்த கையோடு எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பட்டனை அழுத்தித் திரை எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால் போன உயிர் திரும்பிவிடும். யாருக்காவது ஒரு கால் போட்டு, ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டு, சார்ஜ் ஏறுகிறதா என்று வயரையும் செருகிப் பார்த்துவிடுவார்கள். தண்ணீருக்குள் கிடந்த சில விநாடிகளைவிட, வெளியே வந்த பிறகு நடக்கும் இந்தச் சோதனைதான் போனுக்குப் பெரிய ஆபத்து.

தண்ணீர் மட்டும் தனியாக வந்து ஒரு போனைக் கொல்வது அரிது. துளிகூட உப்பில்லாத சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் வீட்டுக் குழாயிலும் போர்வெல்லிலும் தெருவில் தேங்கும் மழைநீரிலும் உப்புகள் கரைந்தே இருக்கின்றன. போனின் போர்டில் மின் இணைப்புகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கி நிற்பவை. அந்த இடைவெளியில் உப்பு நீர் ஒரு பாலம் போட்டுவிட்டால் போகக்கூடாத வழியில் மின்சாரம் போகும். கடைக்காரர் ‘ஷார்ட்’ என்பது இதைத்தான். ஷார்ட் ஆகாமல் தப்பினாலும், நீருக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு முனையின் உலோகம் கரைந்து இன்னொரு முனையில் படியத் தொடங்கும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும் அந்த அரிப்பு மணிக்கணக்கில் வளரக்கூடியது. மின்சாரம் ஓடாத போர்டில் இதே வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும்.

ஆகவே பட்டனை அழுத்துவது சரி, அணைப்பதற்காக அழுத்த வேண்டும். பழைய நோக்கியா காலத்தில் இது சுலபம். பின்மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்துவிட்டால் கதை முடிந்தது. இப்போது பேட்டரியை உள்ளேயே பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அணைத்த பிறகும் போர்டின் சில பகுதிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும். அணைத்தாயிற்றே என்று நான்கு நாள் ஆறப்போடக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

அணைத்ததும் கவரைக் கழற்றி, சிம் தட்டையும் உருவிவிட்டு, வெளியில் தெரியும் ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கலாம். சார்ஜ் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் அங்கே தேங்கிய நீர் இறங்கிவிடும். துவாரத்துக்குள் பட்ஸோ டிஷ்யூவோ விட்டுக் குடையக் கூடாது. பிறகு மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான். ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு நீர் புகாமல் தடுக்கும் பசையை இளக்கிவிடும், அதன் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். அணைத்து வைத்திருக்கும் ஐபோனுக்கே 45 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு என்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் சிமென்ட் தரை அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

அரிசி? 2024 ஜனவரியில் ஆப்பிள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதிவிட்டது: ஐபோனை அரிசிப் பைக்குள் போடாதீர்கள், அரிசியின் நுண்துகள்கள் போனைக் கெடுக்கக்கூடும் என்று. துகள்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். போர்டின் உலோக மூடிகளுக்கு அடியில் தங்கியிருக்கும் நீரை, வெளியே கிடக்கும் அரிசி எட்டிப்பிடித்து உறிஞ்ச முடியாது. மூடிய டப்பாவுக்குள் காற்றோட்டமும் கிடையாது. டப்பாவில் வைத்துப் பிழைத்த போன்கள் உண்டுதான். அவை அலமாரியில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். இரண்டு நாள் சும்மா கிடந்ததால் வந்த பலன் அரிசியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஈரம் உறிஞ்சுவதில் அரிசியைவிடக் கெட்டி என்றாலும், அவற்றைத் தேடி அலைவதைவிட ஃபேன் போடுவது சுலபம்.

சார்ஜருக்கு அவசரப்படக் கூடாது. அரை மணி நேரமாவது காயவிட்ட பிறகே வயரைச் செருகிப் பார்க்கச் சொல்கிறது ஆப்பிள். முழுதாகக் காய ஒரு நாள்வரை ஆகலாம். துவாரத்தில் ஈரம் இருந்தால் அண்மைக்கால ஐபோன்கள் எச்சரிக்கும், சாம்சங் கேலக்ஸி போன்கள் நீர்த்துளிப் படம் காட்டும். அதைத் தாண்டிச் சார்ஜ் போடும் அவசர வழி ஐபோனில் இருக்கிறது. உண்மையான அவசரத்துக்குத்தான் அது.

‘என் போன் வாட்டர் புரூஃப்தானே’ என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு உதவும். 2016 மார்ச் முதல் 2018 அக்டோபர் வரை கேலக்ஸி போன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வரும்படி சாம்சங் விளம்பரம் செய்தது. போன் கெட்டுப்போனவர்களின் புகார்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2019இல் வழக்குத் தொடுத்தது. குளத்து நீரிலோ கடல் நீரிலோ நனைந்த போனை ஈரத்தோடு சார்ஜ் போட்டால் துவாரம் அரித்துப்போய் வேலை செய்யாமல் போக வாய்ப்பு உண்டு என்பதைச் சாம்சங்கே கடைசியில் ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் நீதிமன்றம் விதித்த அபராதம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர். வழக்கில் சிக்கிய எஸ்7, எஸ்8, நோட் 8 உள்ளிட்ட ஏழு மாடல்களில் ஒன்றும் மலிவுச் சரக்கு அல்ல. ஆப்பிளும் தப்பவில்லை: இத்தாலி 2020இல் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. நீரில் தாக்குப்பிடிக்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நீர் புகுந்து கெட்டால் வாரண்டி இல்லை என்பது எப்படி நியாயம் என்பதும் அங்கே ஒரு கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஐபி68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடினமான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாம். கேலக்ஸி எஸ்23க்கு அது ஒன்றரை மீட்டர், ஐபோன் 12க்கு ஆறு மீட்டர். இரண்டுக்கும் அதே ஐபி68தான். சோதனை நடப்பதோ ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், புத்தம்புது போனில். இரண்டு முறை கீழே விழுந்து, ஒரு முறை டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அந்த எண் பழைய கதை.

கடல் தனி ரகம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மெரினாவில் அலை அடித்துவிட்டுப் போன போனில் நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். ஐபி67, ஐபி68 போன் என்றால் அணைத்துவிட்டு, மெல்ல ஒழுகும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதுதான் சரி. காபி, இளநீர், சோப்புத் தண்ணீர் கொட்டினாலும் அப்படியே. அந்தத் தரம் இல்லாத போனை அலசாமல் நேரே கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

நல்ல கடையில் போனைப் பிரித்து, போர்டின் உலோக மூடிகளை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துலக்குவார்கள். வசதியுள்ள கடைகளில் அல்ட்ராசோனிக் தொட்டியும் இருக்கும். காயவைத்தால் நீர்தான் போகும், இப்படிக் கழுவினால்தான் படிந்த உப்பு போகும். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் போர்டிலேயே பழுது பார்ப்பவர்கள் கிடைப்பார்கள். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் நீர் பட்டுச் சிவந்திருந்தால் வாரண்டி பற்றிப் பேச்சே இல்லை. காற்றின் ஈரப்பதத்துக்கே அந்த ஸ்டிக்கர் நிறம் மாறுகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு ஆப்பிள் 2013இல் 5.3 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டி விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அதன் விதிமுறையில் தண்ணீர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்த போனின் திரை எரிந்துவிட்டால் முதல் வேலை படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் பேக்கப் எடுப்பது. உள்ளே அரிப்பு தொடங்கியிருந்தால் போன் இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டு ஒரு காலையில் எரியாமல் போகலாம். பேட்டரி உப்பினாலோ வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலோ சார்ஜ் போடவே கூடாது. உருவிய சிம்மை வேறொரு போனில் போட்டுக்கொண்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நனைந்த போன் சரியாகும்வரை அதில் வந்துகொண்டிருக்கும்.