ஆஷா தொடுத்த கதம்பம்

'ஆஷா' என்றதும் நம் நாட்டுப் பாடகி என்றுதானே எண்ணினீர்கள்? இவர் நைஜீரிய நாட்டுப் பாடகி. அங்கு வழங்கும் யொரூபா மொழியில் 'ஆஷா' என்றால் பருந்து என்று பொருள். இயற்பெயர் புக்கோலா எலெமிடே.

1982இல் பாரிஸ் நகரில் பிறந்த இவர், சிறு குழந்தையாக இருந்தபோதே நைஜீரியாவுக்குத் திரும்பி, லாகோஸ் நகரில் வளர்ந்தார். தந்தை சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளே இவருக்கு முதல் ஆசான். அமெரிக்காவின் மார்வின் கே, ஜமைக்காவின் பாப் மார்லி, நைஜீரியாவின் ஃபேலா குட்டி ஆகிய எல்லோரையும் அந்த வீட்டிலேயே கேட்டு மகிழ்ந்தார்.

2007இல் தம் பெயரையே தலைப்பாக்கி, முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். கண்பார்வையற்ற இசைக் கலைஞர் கோபாம்ஸ் அசுக்வோ அதன் தயாரிப்பாளர். சோல், ரெகே, பாப் எனப் பலவகை இசையும், ஆங்கிலம், யொரூபா என இரு மொழிகளும் அதில் கைகோத்து வருகின்றன.

'ஜெயிலர்' என்ற பாடல், பிறரை அடைத்துக் காவல் காப்பவனும் ஒரு கைதியே என்கிறது. 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' என்றதும் நாம் சிறு வயதில் ஓடி விளையாடியது நினைவுக்கு வருகிறதல்லவா? இவர் பாட்டிலோ மலையில் தீப்பற்றியும் ஒருவரும் ஓடவில்லை! கொடுமையைக் கண்டும் காணாதிருப்போரை அது சுடுகிறது. 'எய் அடபா' புறாவைப் பற்றிய யொரூபாப் பாடல். மொழி அறியாத என் மனமும் அதில் அமைதி கண்டது.

விமர்சகர்கள் இத்தொகுப்பை வரவேற்றனர். 2008இல் பிரான்சின் கான்ஸ்டன்டின் பரிசும் கிடைத்தது. ஆயினும் பாராட்டியோர் பலர் அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மனோடு இவரை ஒப்பிட்டனர். "அக்காவைப் போலவே படிக்கிறாய்" என்று ஆசிரியைகள் கூறும்போது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், "அப்படியானால் நான் யார்?" என்றும் உள்ளம் கேட்கிறது.

பலவற்றைக் கலந்தால் சொந்த முகம் மறைந்துவிடுமா? கதம்பத்தைப் பாருங்கள். மல்லிகை ஒரு தோட்டம், கனகாம்பரம் ஒரு தோட்டம், மரு வேறொரு தோட்டம். தொடுத்த கை ஒன்றே! ஆஷாவும் அப்படியே. கேட்டவை பிறர் பாடல்கள். பாடிய குரலோ அவருடையது. தாய்மொழியையும் அவர் கைவிடவில்லை.

தோழியரே, நல்லதை எங்கிருந்தும் கற்போம். நம் குரலிலேயே பாடுவோம்!